31 பூனை, மாதம் 22,000 ரூபாய் துண்டு: எந்த வழியில் திரட்டுவது?

தாம்பரத்தைத் தாண்டி ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளம். இரண்டு அறை, வலை அடித்த பின்கட்டு, அதில் 31 பூனைகள். நடத்துகிறவர் எங்கள் தெரு அக்கா. பிழைப்புக்குத் தையல் மெஷின், மற்ற நேரமெல்லாம் பூனை. நான் ஒரு மருந்து மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவின் நோட்டையும் எழுதிக் கொடுப்பேன்.

சென்ற ஆண்டு வீட்டுக்காரர் வாடகையை 11,000-லிருந்து 14,000 ஆக்கினார். அதுவரை எப்படியோ ஓடிக்கொண்டிருந்த வண்டி அன்றைக்கு நின்றது. இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து, முதல்முறையாக ஒரு மாதச் செலவை முழுதாக எழுதினோம். வாடகை 14,000. சாப்பாடு 12,000: காலையில் கறிக்கடையில் வாங்கி வேகவைக்கும் கோழிக் கழுத்தும் ஈரலும், மாலையில் மூட்டையாக வாங்கும் டிரை ஃபுட். டாக்டர், மருந்து, தடுப்பூசி, கருத்தடை எல்லாம் சராசரியாக 9,000. பாதி நாள் வந்து கூட்டிக் கழுவும் அம்மாவுக்குச் சம்பளம் 8,000. மணல் தட்டுக்கு மரத்தூள், பிளீச்சிங் பவுடர், துடைப்பம் வகையில் 2,500. ஆட்டோ 2,000. கரண்ட் 1,500. மொத்தம் 49,000 ரூபாய்.

வரவு என்று பார்த்தால், தையலில் இருந்து அக்கா போடுவது 15,000, தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர் அனுப்புவது 12,000. துண்டு விழுவது 22,000. அதுவரை அந்தத் துண்டை அடைத்துக்கொண்டிருந்தது அக்காவின் நகை. அதை அன்றைக்குத்தான் வாயைத் திறந்து சொன்னார்.

எங்கே பணம் திரட்டலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். எல்லாமே யாரோ ஒருவருக்குப் பலித்த வழிதான். எங்களுக்கு வேண்டியிருந்தது, இந்த நோட்டில் எந்த வரியை எந்தப் பணம் அடைக்கும் என்ற கணக்கு. வாடகையும் சம்பளமும் ஒன்றாம் தேதி வந்து நிற்கும். கறிக்கடைக்காரர் தினமும் கேட்பார். அறுவை சிகிச்சை எந்த நேரத்தில் வேண்டுமானாலும் கேட்கும். ஒவ்வொரு வழியையும் இந்த மூன்றோடு உரசிப் பார்த்தோம்.

ரத்தம் தெரிந்தால் வரும் பணம்

எல்லோரும் முதலில் சொல்வது கிரவுட் ஃபண்டிங். மிலாப், கெட்டோ மாதிரியான தளத்தில் ஒரு பக்கம் திறந்து, படம் போட்டு, கதை எழுதி, வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடுவது. கட்டணம் இல்லை என்று சொன்னாலும் பணப் பரிமாற்றச் செலவும் அதன்மேல் ஜிஎஸ்டியும் பிடித்துக்கொண்டுதான் கைக்கு வரும். கொடுப்பவர் திரையில் தளத்துக்கு டிப்ஸ் கேட்கும் பெட்டி ஒன்றும் வரும். வேண்டாமென்றால் குறைத்துக்கொள்ளலாம் என்று நாமே முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அந்த எரிச்சலும் நம்மேல்தான் விழும்.

எங்கள் அனுபவம் மூக்குத்தியோடு தொடங்கியது. மூக்கில் ஒரு கறுப்புப் புள்ளி உள்ள பெண் பூனை. பைக் அடித்து இடுப்பெலும்பு உடைந்தது. 45,000 ஆகும் என்றார்கள். பக்கம் திறந்த ஆறே நாளில் 52,000 வந்தது. எங்களுக்கு மூச்சே நின்றுவிட்டது. அறுவை சிகிச்சை நடந்த நாலாம் நாள் பூனை செத்துப்போனது. பில் 31,000-த்தோடு நின்றது. கையில் மீதி 21,000 சொச்சம்.

அந்தப் பணம் யாருடையது? கொடுத்தவர்களில் ஒருவர் கேட்டார்: “நான் மூக்குத்திக்குத்தானே கொடுத்தேன், உங்கள் வாடகைக்கா கொடுத்தேன்?” அவர் கேட்டதில் தப்பே இல்லை. திருப்பிக் கொடுத்தோம். மற்றவர்களுக்குத் தனித்தனியாக எழுதிக் கேட்டோம். வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இன்னும் மூன்று பூனைகளின் வைத்தியத்துக்குப் போனது. தவறு எங்களுடையது. மிஞ்சினால் மற்றப் பூனைகளின் மருத்துவத்துக்குப் போகும் என்று முதல் நாளே ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். இப்போது எழுதாமல் எந்தப் பக்கமும் திறப்பதில்லை.

இரண்டு மாதம் கழித்து, அதே ஆட்களிடம், அதே தளத்தில், வாடகைக்குக் கேட்டோம். அக்கா பெருக்குகிற படம் ஒன்று, கூண்டுகளை வெயிலில் காயவைத்த படம் ஒன்று. 23 நாளில் வந்தது 3,400 ரூபாய்.

52,000-க்கும் 3,400-க்கும் நடுவில்தான் ஒரு சின்னக் காப்பகத்தின் முழுச் சிக்கலும் இருக்கிறது. அடிபட்ட பூனைக்குப் பணம் வரும். அடிபடாமல் தின்று தூங்கும் 30 பூனைக்கு வராது. மனிதர்களைக் குறை சொல்லவில்லை. நானும் அப்படித்தான் கொடுப்பேன்.

கிரவுட் ஃபண்டிங்குக்கு மிகவும் பொருந்துவது எஃப்ஐபி என்கிற பூனை நோய். குடலில் சாதாரணமாக இருந்துவிட்டுப் போகும் கொரோனா வகை வைரஸ் ஒன்று சில பூனைகளில் உருமாறி வயிற்றில் நீர் கட்டிக் கொல்லும். முன்பெல்லாம் வந்தால் போனதுதான். இப்போது ஜிஎஸ்-441524 என்ற மருந்தை 84 நாள் கொடுத்தால் பெரும்பாலானவை பிழைக்கின்றன. விலை அதிகம். ஆனால் பூனையின் எடையை வைத்து மொத்தச் செலவை முதல் நாளே ஓரளவு சொல்லிவிடலாம். எப்போது முடியும் என்பதும் தெரியும். தொடக்கம், முடிவு, தொகை மூன்றும் தெரிந்த செலவு என்றால் தயங்காமல் இந்த வழிக்குப் போகலாம்.

இன்னொரு செலவு இதில் உண்டு, நோட்டில் ஏறாதது. ஒரு நாள் அக்கா சொன்னார்: “தம்பி, இப்பல்லாம் அடிபட்ட பூனை வந்தா முதல்ல போனைத் தேடுறேன். அப்புறம்தான் துணியைத் தேடுறேன்.” அதற்குப் பிறகு வருடத்துக்கு மூன்று பக்கம், அதற்கு மேல் இல்லை என்று முடிவு செய்தோம்.

மாதாமாதம் இருநூறு

22,000 துண்டை 200 ரூபாயால் வகுத்தால் 110 பேர். கேட்கச் சின்ன எண்ணாகத் தெரியும். 110 பேர் மாதாமாதம் கொடுக்க வேண்டுமானால் ஐந்நூறு, அறுநூறு பேருக்காவது நம்மைத் தெரிந்திருக்க வேண்டும். மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்கும் யுபிஐ ஆட்டோபே 2020-லிருந்து இருக்கிறது. ஆனால் பணத்தைப் பெறுகிற பக்கம் வணிகக் கணக்கு மாதிரி ஏற்பாடு வேண்டும். தனி ஆளாக இருக்கும்வரை, கொடுப்பவர்களே தங்கள் வங்கிச் செயலியில் மாதந்தோறும் போகும்படி ஓர் உத்தரவு போட்டு வைப்பதுதான் எளிது. தேதி ஐந்தாக இருக்கட்டும். இருபதாம் தேதி வைத்தால் பாதிப் பேர் கணக்கில் காசு இருக்காது.

முதல் மாதம் 38 பேர் சேர்ந்தார்கள். ஆறு மாதம் கழித்து 29. ஒருவர் வேலை மாறினார், ஒருவருக்குக் கல்யாணம், மற்றவர்கள் சும்மா நிறுத்திக்கொண்டார்கள். நின்றவர்களிடம் ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. நிலைத்தவர்கள் எதற்காக நிலைத்தார்கள் என்று மட்டும் கேட்டேன். மாதக் கடைசியில் நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அப்படியே அனுப்புகிறோம் அல்லவா, அதைத்தான் பலர் சொன்னார்கள். அடித்தல் திருத்தலோடு இருக்கும் அந்தப் பக்கம், அழகாக வரைந்த போஸ்டரைவிட வேலை செய்கிறது. 29 பேரின் 5,800 ரூபாய் ஆறாம் தேதிக்குள் வந்துவிடும். தொகை சின்னதுதான், ஆனால் வாடகையில் கொஞ்சம் இதிலிருந்து போகிறது. வாடகையைத் தொட்ட முதல் வெளிப்பணம் இதுதான்.

இதன் தங்கை ஒருத்தி உண்டு: ஒரு பூனையை ஒருவர் பேரில் எழுதி, மாதம் 1,000 வாங்குவது. வெளிநாட்டுக் காப்பகங்களில் நன்றாக நடக்கிறதாம். நாங்கள் செய்து பார்த்ததில், ஒற்றைக் கண் செவலைக் குட்டிக்கு மூன்று பேர் போட்டி போட்டு ஆளுக்கு 1,000 தந்தார்கள். கருப்பட்டி என்ற ஒன்பது வயதுக் கறுப்புப் பூனைக்கு ஒருவர்கூட வரவில்லை. கறுப்புப் பூனை குறுக்கே போனால் திரும்பி வருகிற ஊர் இது. அதைவிட மோசம், செவலைக் குட்டியைத் தத்தெடுக்க நல்ல வீடு ஒன்று வந்தபோது நடந்தது. குட்டி போனால் 3,000 ரூபாயும் போகும். அந்த ஒரு மாலை அக்கா தயங்கினார். அந்தத் தயக்கத்தை நான் பார்த்துவிட்டேன் என்பது அவருக்கும் தெரியும். குட்டி போனது, திட்டத்தையும் பெரும்பாலும் கைவிட்டோம். யாரும் எடுத்துப் போக மாட்டாத ஏழு பூனைகளுக்கு மட்டும் வைத்திருக்கிறோம்: கண் தெரியாதது, மூன்று கால், கிழடு, கருப்பட்டி.

யார் கணக்கில் வருகிறது?

இது சலிப்பான விஷயம், ஆனால் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். அக்காவின் சொந்த ஜிபே எண்ணுக்குத்தான் எல்லாம் வந்துகொண்டிருந்தது. வருமான வரிச் சட்டப்படி, உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒருவருக்கு ஓர் ஆண்டில் சும்மா வரும் பணம் மொத்தம் 50,000-ஐத் தாண்டினால் தாண்டிய பகுதி மட்டுமல்ல, முழுத் தொகையும் அவருடைய வருமானமாகிவிடும். பூனைக்குச் செலவானது என்பது அங்கே எடுபடாது. மாதம் 12,000 என்றால் ஐந்தாம் மாதமே கோட்டைத் தாண்டியாகிவிட்டது. வருமானம் குறைவாக இருப்பவருக்கு வரி கட்ட வேண்டி வராமல் போகலாம். ஆனாலும் வருமானக் கணக்கில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு ஆடிட்டரிடம் அரை மணி நேரம் உட்கார்வது நல்லது.

சரி, டிரஸ்டாகப் பதிவு செய்துவிடலாமா? சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம், தனி பான், தனி வங்கிக் கணக்கு, பிறகு வரி விலக்குக்கு 12ஏ, கொடுப்பவருக்குச் சலுகை கிடைக்க 80ஜி. சங்கமாகப் போனால் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் வேண்டும். அக்காவுக்கு நம்பிக்கையான ஆள் நாலு பேர்தான், அதனால் டிரஸ்ட். செலவு எங்களுக்குச் சொல்லப்பட்டது 25,000, அதன் பிறகு ஆண்டுதோறும் தணிக்கை.

80ஜி ரசீது இருந்தால் பணம் கொட்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கொடுத்ததில் பாதிக்குத்தான் கழிவு, அதற்கும் வருமானத்தில் பத்து சதவீதம் என்ற உச்சவரம்பு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. அரிசி மூட்டையாக, மருந்தாகக் கொடுத்தாலும் கிடையாது. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கழிவே இல்லை, சம்பளக்காரர்களில் பலர் இப்போது அதில்தான் இருக்கிறார்கள். எனவே 200 ரூபாய் ஆட்களை ரசீது இழுத்து வராது. ஆனால் பெரிய கதவுகள் எதைத் தட்டினாலும் முதலில் கேட்பது இந்தக் காகிதங்களைத்தான்.

அந்தப் பெரிய கதவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிறுவனங்கள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணம்: 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ உள்ள கம்பெனிகள், மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். அனுமதித்த பட்டியலில் விலங்கு நலமும் இருக்கிறது. ஆனால் வாங்குகிற அமைப்புக்கு 12ஏ, 80ஜி, மூன்றாண்டு வேலைப் பதிவு எல்லாம் வேண்டும். இந்திய விலங்கு நல வாரியம்: 1962-ல் ருக்மிணி தேவி அருண்டேலைத் தலைவராகக் கொண்டு தொடங்கியது. நெடுங்காலம் சென்னையில் இருந்தது, 2018-ல் ஹரியானாவுக்குப் போய்விட்டது. அங்கீகாரம் பெற்ற அமைப்புகளுக்கு மானியம் உண்டு. தமிழக அரசின் வள்ளலார் பல்லுயிர் காப்பகங்கள் திட்டம்: ஆதரவற்ற விலங்குகளைப் பராமரிக்கும் அமைப்புகளுக்காக 20 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்டது. மூன்றுமே நல்ல பணம். மூன்றும் ஒரு கூடாரத்துக்கோ ஆம்புலன்ஸுக்கோ தோதான பணம். இந்த மாதம் ஒன்றாம் தேதி வாடகைக்கு ஆகாது. டிரஸ்ட் பதிவுக்கு நாங்கள் விண்ணப்பித்திருப்பது மூன்று வருடம் கழித்து வரக்கூடியதற்காக.

சிங்கப்பூரில் இருந்து அக்காவின் சித்தி மகன் அனுப்புகிறேன் என்றதும் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. அவர் இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் என்றால் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால், தமிழரே ஆனாலும், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், டிரஸ்டுக்கு அனுப்புவது வெளிநாட்டுப் பணம். எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு இல்லாமல் அதைத் தொடக் கூடாது. பதிவுக்கு மூன்று ஆண்டு இருப்பும், அந்த மூன்றாண்டில் 15 லட்ச ரூபாய் செலவும் காட்ட வேண்டும். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் நல்ல மனங்களுக்கு நாங்கள் இப்போது சொல்வது ஒன்றுதான்: ஊருக்கு வரும்போது ஒரு நாள் வந்து பூனைகளைப் பாருங்கள்.

பினாயிலும் பாலும்

பணம் வேண்டாம், பொருளாகக் கொடுக்கிறோம் என்பவர்கள் நிறைய. அவர்களை நம்பி நோட்டை எழுத முடியாது. வருகிறவர்கள் பால் வாங்கி வருகிறார்கள். வளர்ந்த பூனைக்குப் பால் பெரும்பாலும் செரிக்காது, மறுநாள் மணல் தட்டைப் பார்த்தால் தெரியும். தயிர்சாதம் கொண்டு வருகிறார்கள். பூனைக்கு இறைச்சியிலும் மீனிலும் கிடைக்கும் டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். பினாயில் வாங்கி வருகிறார்கள், ஐந்து லிட்டர் கேனாக. பினாயில், டெட்டால் வகையறா பூனையின் ஈரலுக்கு ஆகாது. வேண்டாம் என்று சொன்னால் முகம் வாடிப்போகும். அந்தக் கேன்கள் எல்லாம் வீட்டுக்காரரின் மாடிப்படியைக் கழுவத்தான் உதவுகின்றன, அதில் ஒரு லாபமும் உண்டு. இப்போது வாசலில் ஒரு அட்டை: மரத்தூள், பழைய துண்டு, செய்தித்தாள், டிரை ஃபுட்.

பொருளில் உண்மையாகவே நோட்டைத் தொட்டது மீன்கடைக்காரம்மா. தலை, வால், கழிவுச் சதை மாலையில் ஒரு பை தருவார். வேகவைத்து முள் எடுத்துப் போடுவோம். மாதம் 2,000 ரூபாய் மிச்சம். ஆனால் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். 61 நாளும் அந்தப் பை மெலிந்துபோகும். அந்த இரண்டு மாதத்தில்தான் குட்டிகளை அட்டைப்பெட்டியில் போட்டு வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். வரவு குறைவதும் வாய் கூடுவதும் ஒரே சமயத்தில்.

செலவைக் குறைப்பதும் நிதி திரட்டல்தான் என்று அக்காவை ஒத்துக்கொள்ள வைக்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. பெரிய வைத்தியத்துக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1903-லிருந்து இருக்கும் கல்லூரி. தனியார் பில்லோடு ஒப்பிட்டால் செலவு ஒன்றுமே இல்லை. ஆனால் தாம்பரத்திலிருந்து ஆட்டோவும் ஒரு நாள் தையலும் போய்விடும், அதனால் சளி காய்ச்சலுக்கு ஓட முடியாது. இதைவிடப் பெரிய மிச்சம் கருத்தடையில். பெண் பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினைப்படும், இரண்டு மாதத்தில் ஈனும், வருடத்துக்கு இரண்டு மூன்று முறை. வாசலில் விடப்பட்ட நாலு குட்டியைத் தேற்றி, தடுப்பூசி போட்டு, வீடு தேடி அனுப்ப எங்களுக்கு ஆவது 16,000. அந்தக் குட்டிகளின் தாய்க்குக் கருத்தடை செய்ய எங்கள் டாக்டர் வாங்குவது 2,500. நிதி திரட்ட நேரமில்லாதவர்கள் தெருவில் நாலு பெண் பூனைக்குக் கருத்தடை செய்தாலே போதும், அது ஒரு பெரிய நன்கொடைக்குச் சமம்.

நாமே சம்பாதித்தால்?

தத்துக் கொடுக்கும்போது 1,500 வாங்குகிறோம். தடுப்பூசி, கருத்தடைச் செலவில் பாதிகூடத் தேறாது. ஆனால் சும்மா கொடுத்தால் வாங்குவோரும் சும்மா திருப்பிவிடுகிறார்கள்.

பூனை கஃபே யோசனை ஒருவர் சொன்னார். 1998-ல் தைப்பேயில் தொடங்கி ஜப்பானில் தெருவுக்குத் தெரு பரவியது. முழுநேர ஏசி, உணவு உரிமம், கடைத்தெரு வாடகை என்று எங்கள் மாதிரி ஆட்களுக்கு அது வேறொரு தொழில். காலண்டர் அச்சடிக்கலாம் என்றார் இன்னொருவர். வெளிநாட்டில் பூனைக் காலண்டர் விற்கும். இங்கே மளிகைக் கடை, நகைக் கடை, துணிக் கடை எல்லாம் தினசரிக் காலண்டரை இலவசமாகக் கொடுக்கிற ஊர், சிவகாசி இருக்கிற ஊர். 150 ரூபாய் கொடுத்துக் காலண்டர் வாங்க யார் வருவார்கள்? 100 அடித்தோம், 37 விற்றது. மீதி அட்டைகள் மணல் தட்டுக்கு அடியில்.

போர்டிங்தான் ஆசை காட்டியது. ஊருக்குப் போகிறவர்களின் பூனையை நாளுக்கு 350 வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்வது. பொங்கல், கோடை விடுமுறை, தீபாவளிக்குக் கிராக்கி இருக்கிறது. கணக்குப்படி பார்த்தால் இதுவே துண்டில் பாதியை அடைக்கும். ஆனாலும் வேண்டாம் என்றேன், காரணம் பான்லூக்கோபீனியா. நாய்க்கு வரும் பார்வோவின் சொந்தக்காரன். குட்டிகளைக் கொத்தாகக் கொண்டுபோகும். வைரஸ் தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில், ஒரு வருடம்கூட, உயிரோடு இருக்கும். தெருவிலிருந்து குட்டி வந்துகொண்டே இருக்கும் வீட்டில் அடுத்தவர் பூனையைக் காசு வாங்கிக்கொண்டு வைத்திருந்து, அது நோயோடு திரும்பிப் போனால் பேர் என்னாவது? தனி அறை, தனி வாளி, தனி செருப்பு, தனி ஆள் என்று வைக்க முடிகிறவர்கள் செய்யலாம். எங்களுக்கு இரண்டே அறை.

அதற்குப் பதில் கிடைத்தது, பூனை இருக்கும் வீட்டுக்கே போய் வருவது. சாவியை வாங்கிக்கொண்டு, தினம் ஒரு முறை போய்ச் சாப்பாடு வைத்து, தட்டு மாற்றி, வீடியோ அனுப்புவது. ஒரு தடவைக்கு 250. தடுப்பூசி போட்ட பூனை மட்டும். காப்பகத்துத் துணியோடும் செருப்போடும் போகக் கூடாது, குளித்துவிட்டுக் காலையில் முதல் வேலையாகப் போக வேண்டும். பூனைக்கும் இதுதான் பிடிக்கும், இடம் மாறினால் மூன்று நாள் பட்டினி கிடக்கும் பிராணி அது. அக்காவின் அண்ணன் மகள் கல்லூரி விடுமுறையில் செய்தாள். மே மாதம் 9,000 வந்தது. ஜூலையில் 1,500. விழாக்காலப் பணம் என்று தெரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றமில்லை.

ஒரு நாள் கட்டளை

கடைசியில் எங்கள் நோட்டைக் கொஞ்சம் நேராக்கியது யாரும் புதிதாகக் கண்டுபிடித்த வழி இல்லை. முதியோர் இல்லத்துக்குப் பிறந்தநாள் அன்று ஒரு வேளைச் சாப்பாடு போடுகிறார்கள். அப்பா திதிக்கு அன்னதானம் செய்கிறார்கள். கோயில் திருவிழாவில் இன்ன நாள் மண்டகப்படி இன்ன குடும்பத்துக்கு என்று தலைமுறையாக வருகிறது. அந்தக் கட்டளைதாரர் எந்தத் திருவிழா விளம்பரத்தையும் பார்த்துக் கொடுக்கிறவர் இல்லை. அது அவருடைய நாள், அதனால் கொடுக்கிறார்.

49,000-ஐ முப்பதால் வகுத்தால் ஒரு நாள் 1,600 சொச்சம். அதையே வைத்தோம்: ஒரு நாள் முழுச் செலவு 1,600 ரூபாய், அதில் சாப்பாடு, வாடகை, சம்பளம் எல்லாம் அடக்கம். வருடத்துக்கு ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள், மறு வருடம் அதே நாளில் நாங்களே ஞாபகப்படுத்துகிறோம். துண்டு முழுதாக அடைய 165 நாள் வேண்டும். மாதம் 200 கொடுக்கும் 110 பேரைத் தேடிப் பிடித்து வைத்துக்கொள்வதைவிட, வருடத்துக்கு ஒரு முறை 1,600 கொடுக்கும் 165 குடும்பம் சுலபமாக இருந்தது. கேட்பது எதற்கு என்று விளக்கவே வேண்டியதில்லை. எல்லோர் வீட்டிலும் ஒரு பிறந்தநாளும் ஒரு திதியும் இருக்கிறது.

சிக்கல் இல்லாமல் இல்லை. சைவக் குடும்பம் ஒன்று, அம்மா திதியன்று தங்கள் பணத்தில் கோழி வாங்குவதா என்று தயங்கியது. நியாயம்தான். அவர்கள் பணம் மருந்துக்கும் வாடகைக்கும் போகும், சாப்பாட்டுக்கு வேறு பணம் என்று நோட்டில் தனிப் பத்தி போட்டோம். இப்போது அப்படி 20 குடும்பங்களுக்கு மேல் இருக்கின்றன. அடுத்தது, நட்சத்திரப் பிறந்தநாளும் திதியும் இங்கிலீஷ் தேதியில் வருடா வருடம் நகரும். அக்கா ஒரு பஞ்சாங்கம் வாங்கி வைத்திருக்கிறார். ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் ஒரே நாளுக்கு ஐந்து குடும்பம் வரும், அடுத்த பத்து நாள் ஈ காக்கை இருக்காது. அமாவாசைக்குக் கேட்பவர்களிடம், சாப்பாடு அன்றைக்கு உங்கள் பேரில், மீதிப் பணம் இந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் போகட்டுமா என்று கேட்டுப் பார்க்கிறோம். பாதிப் பேர் சரி என்கிறார்கள்.

இப்போதைக்கு 94 நாள் எழுதியாகிவிட்டது. சராசரியாக மாதம் 12,500. மாதச் சந்தாவின் 5,800-ஐயும் சேர்த்தால் துண்டு 4,000 பக்கம் வந்து நிற்கிறது. கோடையில் வீட்டுக்குப் போய்ப் பூனை பார்க்கும் பணம் அதில் கொஞ்சம் அடைக்கும். கிரவுட் ஃபண்டிங் பக்கம் இந்த ஆண்டு ஒன்றுதான் திறந்தோம், ஒரு எஃப்ஐபி பூனைக்கு. இப்போது 84-ல் 51-ஆம் நாள், எடை ஏறியிருக்கிறது.

சுவரில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த தினசரிக் காலண்டர் தொங்குகிறது. யாருடைய நாளோ அவர் பெயரை அந்தத் தாளில் பேனாவால் எழுதி, காலையில் தட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்புகிறோம். கருப்பட்டி எப்படியாவது படத்துக்குள் வந்துவிடும். நேற்று மாலை நோட்டு எழுதப் போனபோது நாளைய தாளைப் புரட்டிப் பார்த்தேன். காலியாக இருந்தது. அக்கா மெஷினில் இருந்தபடியே சொன்னார்: “என் பேரையே எழுதிடு தம்பி. ரெண்டு பிளவுஸ் கூலி வந்திருக்கு.”